அண்ணன் சிரித்த இடங்கள்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எனக்கு முன்னால் எழுதியிருப்பவர்களின் பக்கங்களை அச்சுக்குப் போகும் முன்பே படித்துவிட்டேன். ஒருவர் அண்ணனைச் சிங்கம் என்கிறார். ஒருவர் இரும்பு என்கிறார். இன்னொருவர் எரிமலை என்றே எழுதிவிட்டார். எல்லாம் பிரியத்தில் எழுதியது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிங்கத்தைப் படுக்கையில் புரட்டிப் போட்டு முதுகு துடைத்துவிட்டவள் நான். எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஒரு வருடம் தூங்கி எழுந்தும் அந்த அலுப்பு போகவில்லை. அதனால் இந்தக் கட்டுரை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் சங்கரன்கோவிலில், பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில் பிறந்தார். அப்பா மார்க்கெட்டில் சுமை இறக்கும் தொழிலாளி. பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணன் மூத்தவர், நான் வெகுநாள் கழித்துப் பிறந்தவள். அப்பா காமாலையில் இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த மறுநாளே அப்பாவின் சும்மாட்டுத் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். அம்மா அழுதார்கள். "நான் படிப்ப விட்டதுல கணக்கு சாருக்குத்தாம்மா பெரிய நிம்மதி" என்றார் அண்ணன். வீட்டில் யார் அழுதாலும் அவருக்குப் பொறுக்காது. ஏதாவது ஒரு சேட்டை பண்ணிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

மல்லிகை ஏற்றிப் போகும் வேனில் கூடவே போய், சென்னையில் ஒரு பூ மண்டியில் வேலைக்குத் தங்கினார். வடசென்னையில் ஒரு கொட்டகையில் பாக்ஸிங் பழகிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவரைப் பார்த்து அங்கிருந்த வாத்தியார், "இன்னாபா, மூட்டை தூக்குற தோளா இது" என்று கேட்டு உள்ளே இழுத்துக்கொண்டாராம். சொல்லிக்கொடுப்பவரை அங்கே வாத்தியார் என்றுதான் அழைப்பார்கள்.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன், நம் உறவினர்கள் பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பதக்கத்துக்கு ஆடுகிற குத்துச்சண்டை வேறு. அதில் ஜெயித்தால் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்க வழியுண்டு. அண்ணன் ஆடியது கூலிக்கு ஆடும் தொழில்முறைச் சண்டை. தலைக்குக் கவசம் கிடையாது. ரவுண்டுகள் அதிகம். டிக்கெட் விற்றால்தான் அடுத்த சண்டைக்குக் கூப்பிடுவார்கள். "நல்லா அடிக்கவன ஒரு தடவ கூப்பிடுவாங்க ஏட்டி. நல்லா படம் காட்டுதவனத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாங்க" என்று அண்ணனே சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் எனக்கும் மாதாமாதம் சாப்பாடு அந்தப் படத்தில்தான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் காட்டிய படத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். கழுத்தில் மல்லிகைச் சரத்தோடு ரிங்குக்குள் ஏறுவார். சரத்தைக் கழற்றி ரெஃப்ரியின் கழுத்தில் போடுவார். சண்டை மும்முரமாக நடக்கும்போது இரண்டு கைகளையும் தொங்கப்போட்டு, கயிற்றில் சாய்ந்துகொண்டு, முன்வரிசையில் இருப்பவரிடம், "அண்ணாச்சி, டீ சொல்லியாச்சா?" என்று கேட்பார். எதிராளி ஓங்கிக் குத்தினால், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு ஜனங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. படவில்லை, இன்னும் கொண்டு வா என்று அர்த்தம். உடனே விசில் பறக்கும்.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் ஒரு வருடம் நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்திலேயே அவருடைய சண்டை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். எதிராளி கடையநல்லூர் மைதீன் அண்ணாச்சி. அவரும் சென்னையில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே இந்தத் தொழிலுக்கு வந்தவர்தான். நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் டீ கேட்டார், ஊரே சிரித்தது. மைதீன் அண்ணாச்சி சிரிக்கவில்லை. அண்ணனின் விலாவில் ஒன்று போட்டார். அண்ணன் தலையை ஆட்டிச் சிரித்தார். திரும்பவும் அதே விலாவில் ஒன்று. திரும்பவும் சிரிப்பு. விசில் சத்தத்தில் காது வலித்தது. கடைசியில் நடுவர்கள் மைதீன் அண்ணாச்சி ஜெயித்ததாகச் சொன்னபோது, தீர்ப்பு தப்பு என்று ஊரே சண்டைக்குப் போனது. அண்ணன்தான் மைதீன் அண்ணாச்சியின் கையைத் தானே தூக்கிப் பிடித்துச் சமாதானம் செய்தார். மறுநாள் விலாவில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பூக்கூடை தூக்கப் போனார். கேட்டால், "பழக்கம் விட்டுப் போயிரக் கூடாதுல்லா" என்றார்.

மனவலிமை பற்றி எல்லாரும் எழுதியிருப்பதால் நான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். கோலாலம்பூரில் ஒரு சண்டையில் பாதியிலேயே தாடை விலகிவிட்டது. மீதி ரவுண்டுகளை வாயைத் திறக்காமல் ஆடி முடித்தார், ஜெயித்தும்விட்டார். வீட்டுக்கு வந்து வெகுநாள் கஞ்சிதான். அதையும் ஒரு கதையாக்கி எங்களைச் சிரிக்க வைத்தார். உண்மையில் அது எப்படி இருந்தது என்று அவர் சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை.

இடது கண் மங்கியதும் தொழிலை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். ராயகிரியிலிருந்து மதினியைக் கல்யாணம் செய்தார். ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை, விடியற்காலையில் பழையபடி பூ மார்க்கெட். பிள்ளைகள் இல்லை. என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர் அவர். எனக்குத் தாலுகா அலுவலகத்தில் வேலை கிடைத்த அன்று மார்க்கெட் முழுவதற்கும் டீ சொன்னவரும் அவர்தான். யாரோடும் வாய்ச்சண்டை போட்டதில்லை. கை ஓங்கியதே இல்லை. அம்மாவைக் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொண்டு, நல்லபடியாக அனுப்பி வைத்தார்.

அப்புறம் முதுகு வலி வந்தது. மூட்டை தூக்கிய உடம்பு, குத்து வாங்கிய உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் சொன்னோம். திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தபோது எலும்பு வரைக்கும் புற்று பரவியிருந்தது. இனிக் குணமாக்க வழியில்லை என்று டாக்டர் என்னிடமும் மதினியிடமும் நிதானமாகச் சொன்னார். "ஆனா வலியில்லாம வச்சிருக்க முடியும். எவ்வளவு வலிக்குதுன்னு அவர் சொல்லணும். அத வச்சுத்தான் மருந்து கூட்ட முடியும்." எங்களுக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான் என்பது புரிந்தது. வலியில்லாமல் வைத்திருக்க வேண்டும். அதற்கு அவர் வாயைத் திறக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை நர்ஸம்மா வீட்டுக்கு வருவார். "அய்யா, வலி பத்துக்கு எத்தன இருக்கும்?" என்று கேட்பார். குத்துச்சண்டையில் ரவுண்டை ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது என்று அவருக்கே அண்ணன் பாடம் எடுப்பார். "பத்து எனக்குப் போடுங்கம்மா, ஒம்பது நோய்க்குப் போடுங்க." நர்ஸம்மா சிரித்துவிடுவார். நாங்களும் சிரிப்போம். சரி, நிஜமாக எத்தனை என்று கேட்டால் ஒன்று என்பார், மிஞ்சிப்போனால் இரண்டு. நல்ல மனத்திடம் என்று பாராட்டிவிட்டு அவர் அதையே எழுதிக்கொண்டு போவார். மருந்து அப்படியே நின்றது.

பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். சிவகிரியிலிருந்து வந்தார்கள், சென்னையிலிருந்து வந்தார்கள், யாரென்றே தெரியாதவர்களும் வந்தார்கள். சால்வை போர்த்தினார்கள். "அண்ணே, ஒரு போஸ்" என்று செல்போனை நீட்டினார்கள். அண்ணன் எழுந்து உட்கார்ந்து, இரண்டு முஷ்டியையும் முகத்துக்கு நேரே தூக்கி வைத்துச் சிரிப்பார். ஆள் வருகிறது என்று தெரிந்தாலே மதினியிடம் முகச்சவரம் பண்ணிவிடச் சொல்வார். வந்தவர்கள், "அண்ணாச்சிக்கு ஒண்ணும் இல்ல, கல்லு மாரி இருக்காவ" என்று சந்தோஷமாகப் போவார்கள். அவர்கள் போனதும் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் வெகுநேரம் பேச மாட்டார். களைப்பு என்று நினைத்துக்கொண்டோம். மதினிக்கும் எனக்கும் அதைவிடக் களைப்பு. டீ போட்டு, டம்ளர் கழுவி, பேருந்தைப் பிடித்து அலுவலகம் போய், திரும்பி வந்து அவரைக் குளிப்பாட்டி. இதையெல்லாம் சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் மைதீன் அண்ணாச்சி வந்தார். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், செய்தி கேள்விப்பட்டு அன்றே கிளம்பி வந்திருந்தார். அண்ணனுக்கு அத்தனை குஷி. எழுந்து உட்கார்ந்தார், தலையணையைத் தள்ளினார், காலை மடக்கினார், பழைய சண்டையை நடித்துக் காட்டினார், டீ சொல்லியாச்சா என்று கேட்டார். மைதீன் அண்ணாச்சியும் கூடவே பேசிக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவுவதாகச் சொல்லிக்கொண்டு அடுப்படிப் பக்கம் வந்தவர், என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"தங்கச்சி, இவனுக்கு வலிக்கு மருந்து ஒழுங்காக் குடுக்கீங்களா?"

"குடுக்கோம் அண்ணாச்சி. வலி அவ்வளவா இல்லங்காவ. நீங்கதான் பாத்தீங்களே."

"பாத்தேன். அதான் கேக்கேன்." சுவரைப் பிடித்துக்கொண்டார். "நான் இவன எதிர நின்னு பாத்தவன். குத்து படலைன்னா இவன் மூஞ்சி சும்மா கெடக்கும். பட்டாத்தான் சிரிப்பான். நல்லாப் பட்டுட்டுன்னா தலையும் சேந்து ஆடும். உங்க ஊருல நான் ஜெயிச்சேன்லா, நான் என்ன பெரிய வித்தையா காட்டுனேன்? சிரிச்ச எடத்துலயே திருப்பித் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான்."

நான் அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தேன்.

"இப்பம் உள்ள இருந்தேன். தலவாணியத் தள்ளும்போது சிரிச்சான். கால மடக்கும்போது சிரிச்சான். அந்தப் பய சிரிச்சிக்கிட்டேதான் இருக்கான் தங்கச்சி. என்னால பாக்க முடியல."

எத்தனை செல்போனில் அந்தச் சிரிப்பு இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். அவர் கிளம்பிய பிறகு அண்ணனிடம் நேராகவே கேட்டேன். "ஏட்டி, அவன் அன்னைக்கு ஜெயிச்சதுலருந்து அப்படித்தான் பீத்திக்கிட்டு அலையுதான்" என்று சிரித்தார். அடுத்த முறை நர்ஸம்மா வந்தபோது அவர் முன்னாலேயே அதட்டிக் கேட்டேன். அண்ணன் பூஜ்யம் என்று சொல்லிவிட்டார். நர்ஸம்மா பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் போனதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதுவிட்டேன். அப்போதுதான் அண்ணன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

"சொன்னா நிப்பாட்டிருவாங்கல்லா."

"யாரு நிப்பாட்டுவா? எத?"

திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. மைதீன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"ரிங்குல நல்லாப் பட்டுட்டுன்னா ரெஃப்ரி கிட்ட வந்து கண்ணப் பாப்பாரு தங்கச்சி. முடியுமான்னு கேப்பாரு. வலிக்குன்னு ஒரு வார்த்த சொன்னோம், அந்தால சண்டைய நிப்பாட்டிருவாரு. அதோட தோல்வி, அடுத்த சண்டைக்கும் ஆளு கூப்பிட மாட்டான். செத்தாலும் ரெஃப்ரிகிட்ட உண்மையச் சொல்லப்பிடாது. அப்படித்தான் எங்களப் பழக்குனாங்க. உங்க டாக்டரு கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்திருப்பாரு. இவனுக்கு அது ரெஃப்ரி. வலிக்குன்னு சொன்னா வைத்தியத்த நிப்பாட்டி, தேறாதுன்னு கைய விட்டுருவாங்கன்னு கெடக்கான்."

"அப்பம் யாருகிட்டதான் சொல்லுவீங்க?"

"கார்னர்ல சொல்லுவோம். ரவுண்டு முடிஞ்சு நம்ம மூலையில ஸ்டூல்ல வந்து உக்காந்ததும் வாத்தியாரு முன்னால குனிஞ்சு நின்னு, ஜனங்கள மறைச்சுக்கிட்டு, மூஞ்சியத் தொடச்சு, தண்ணி குடுத்துட்டு, எங்க படுதுன்னு கேப்பாரு. அங்க மட்டும் பொய் சொல்ல மாட்டோம். அங்க பொய் சொன்னா ஆள் காலி."

மறுநாள் லீவு போட்டேன். மதியம் பார்க்க வந்தவர்கள் போனதும் வாசற்கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். மதினியை வெளியே உட்காரச் சொன்னேன். ஸ்டூலை அண்ணனின் கட்டிலுக்கு நேர் எதிரே போட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். ஈரத் துண்டால் அவர் முகத்தைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன். டம்ளரை வாயருகே பிடித்தேன். இரண்டு மடக்கு குடித்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"எங்கண்ணே படுது?"

சிரிப்பு வரவில்லை. முகம் சும்மா கிடந்தது.

"முதுகுல" என்றார். "கீழ. இடுப்பெலும்புல. தொடைக்கு எறங்குது."

"எப்பத்துலருந்து?"

"ரொம்ப நாளாட்டி."

"எம்புட்டு?"

"முடியல ஏட்டி. முடியவே இல்ல."

நான் அழுதேன். அண்ணன் என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கவில்லை. அழவிட்டார். பிறகு, "இப்பம் நிப்பாட்டிருவாங்களா?" என்று கேட்டார். யாரும் எதையும் நிறுத்த மாட்டார்கள், வலி மருந்தைக் கூட்டித்தான் கொடுப்பார்கள், நானும் மதினியும் எங்கேயும் போக மாட்டோம் என்று சொன்னேன். "நெசமாவா?" என்று கேட்டார். அந்த வயதில், அந்த உடம்பில், அப்படிக் கேட்டார். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் தாங்கவில்லை.

அன்று மாலையே நர்ஸம்மா டாக்டரிடம் பேசி மருந்தைக் கூட்டினார். அடுத்தடுத்து இன்னும் கூட்டினார்கள். தினமும் மதியம் கதவைச் சாத்திவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்வேன். அண்ணன் மறைக்காமல் சொல்வார், நான் நர்ஸம்மாவுக்குச் சொல்வேன். வலி குறைந்ததும் தூங்கினார், அப்படி ஒரு தூக்கம். அதோடு படம் காட்டுவதும் நின்றுவிட்டது. யார் வந்தாலும் படுத்தபடியே பார்ப்பார், முஷ்டி தூக்க மாட்டார். "ஆளு ஒடஞ்சிட்டாரு போல" என்று ஒருவர் வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது. அதன்பிறகு யாரையும் உள்ளே விடவில்லை. பலருக்கு என்மேல் வருத்தம் என்று தெரியும். இந்த மலரை வாங்கிக்கொண்ட பிறகாவது அது தீரட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நிதானமாக எடுத்துச் சொன்ன டாக்டருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் போனை எடுத்த நர்ஸம்மாவுக்கும் நன்றி. கடைசி நாள்வரை தினமும் ஒரு முழம் மல்லிகையைக் கட்டில் தலைமாட்டுக்கு அனுப்பி வைத்த மார்க்கெட் நண்பர்களுக்கு நன்றி. நான் அண்ணன் வீட்டிலேயே கிடந்தபோது மாதக்கணக்கில் கடை மாவுத் தோசையைத் தின்று வாயே திறக்காத என் வீட்டுக்காரருக்கு நன்றி. மதினிக்கு நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். அண்ணனைத் தூக்கிப் போகும்போது மைதீன் அண்ணாச்சி பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்து, வாசலோடு திரும்பிப் போனவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. மாலையும் சால்வையும் வைத்திருந்தீர்கள் என்று மதினி சொன்னார். அண்ணன் போவதற்கு முந்தைய நாள் அது. வேன் வந்து நின்ற சத்தத்தில் அரைக்கண் திறந்து, "யாரோ வந்திருக்காவளா?" என்று கேட்டார். கை தானாகக் கட்டில் சட்டத்தைத் தேடியது. "ஏட்டி, நான் எந்திரிக்கணுமா?"

"யாரும் வரலண்ணே. நீ படு."

வெளியே நீங்கள் செருப்பைக் கழற்றுவதும் மதினி தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வதும் கேட்டது. சிறிது நேரத்தில் வேன் கிளம்பும் சத்தமும் கேட்டது. அண்ணனுக்கும் அது கேட்டிருக்கும். என் முகத்தைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சிரிக்கவில்லை.

அன்புத் தங்கை
கோமதி
சங்கரன்கோவில்